மச்சானை நிறுக்காத படலம்

வாழி சக்கரவர்த்தி. செங்கம் சாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையொன்றின் ஏக அதிபதி. கருகிப்போன பம்புசெட்டுகளை எமன் வாசலிலிருந்து திருப்பி அழைத்து வரும் வித்தகன். செம்புக்கம்பி சுற்றிச் சுற்றி விரல்ரேகை தேய்ந்துபோனதால், ரேஷன் கடை எந்திரமே அவனை அவன் என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் தனிப்பெருமை உடையவன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் வீடும், வீட்டுக்கு முன் ஒரு முருங்கை மரமும், வீட்டுக்குள் ரேணுகாம்பாள் என்னும் பேரரசியும் வாய்க்கப்பெற்றவன். அவன் நீர்மேல் நடத்திய போரை உரைக்கப் புகுகிறோம். தந்தத்தை ஒடித்து எழுதுகோலாக்கிக்கொண்ட ஆனைமுகனே, இந்தக் கதையில் ஒடிவது அத்தனை பெரிதல்ல, ஒரு மனிதனின் வீம்பு மட்டுமே. ஆயினும் காப்பு காப்புதான். வந்து உட்காரும்.

கடலுக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஒரு முழு மாவட்டம் கைகால் நீட்டிப் படுத்துக் கிடக்கிறது. அப்படியிருக்க, பாண்டிச்சேரியில் மூடப்பட்ட விடுதியொன்றின் ஏலத்துக்கு நீர்மூழ்கி மோட்டார்கள் எடுக்கப்போன சக்கரவர்த்தி, சுறாமுகமும் வாள்வயிறும் வெண்சங்கு நிறமும் கொண்ட பந்தயப் படகு ஒன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். அதன் பின்புறத்தில் தொங்கிய எஞ்சின் நூற்றைம்பது குதிரைகளைத் தன் கறுப்பு மூடிக்குள் பூட்டி வைத்திருந்தது. ஏன் வாங்கினான் என்று ஊர் கேட்டது. அவன் சொல்லவில்லை. இருபது வருஷமாகத் தண்ணீர் அவனிடம் குழாய் வழியாக மட்டுமே வந்து போயிருந்தது. ஒருமுறையாவது அதன் தலைமேல் ஏறி ஓட வேண்டும் என்று தோன்றிவிட்டது. இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமலே சிரித்தார்கள்.

முதலில் சிரித்தவன் தருமன். ரேணுகாம்பாளின் தம்பி, நம் வீரன் சக்கரவர்த்திக்கு மைத்துனன், ஊரூராய்ப் பால் எடுப்பவன், டிவிஎஸ் எக்செல் வண்டியின் இருபுறமும் பால்கேன்கள் தொங்க, நடுவில் தான் மூன்றாவது கேனாக அமர்ந்து வரும் மலையுடலோன். படகைச் சுற்றி ஒரு வலம் வந்து, பின்னால் தொங்கிய மூவிலைச் சுழலாயுதத்தைத் தட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, ஃபேன பின்னாடி மாட்டி வச்சிருக்காங்க?"

"ஃபேனு இல்லடா. புரொப்பெல்லர். இது சுத்தினா காத்தா பறக்கும்."

"பறக்கட்டும் மாமா. ஆனா என் வண்டி இத விட ஜாஸ்தியா போவும்."

அந்தச் சொல் விழுந்த கணமே விதி தன் தராசைத் தூக்கிப் பிடித்தது. உள்ளிருந்து கரண்டியும் கையுமாக வெளிப்பட்டாள் ரேணுகாம்பாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது. மாதந்தோறும் பௌர்ணமியன்று, மலையைச் சுற்றிவரும் பக்தர்கூட்டத்துக்கு வீட்டு வாசலில் நீர்மோர் ஊற்றுவது அவள் ஏற்ற நோன்பு. அதற்கான பித்தளை அண்டா அடியில் ஓட்டை விழுந்து, ஈயம் பூசியும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் படகை ஓரக்கண்ணால் அளந்தாள். நீளம், அகலம், ஆழம். பிறகு அந்த வாசலே சபாமண்டபமாகும்படி ஆணை பிறப்பித்தாள்.

"தை பௌர்ணமிக்குள்ள ஏரியில இதுல ஏறி எங்க தம்பிய ஒருவாட்டி முந்தி வாங்க. முந்திட்டா போட்டு உங்களுது. முந்தலன்னா நான் இதுல மோர் ஊத்திடுவேன்."

வீரன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாமல் அந்த வீட்டில் சாப்பிட முடியாது.

போர்க்களம் சமுத்திரம் ஏரி. பெயரில் கடல், மழை தவறினால் மாடு மேய்வது. அவ்வாண்டு கார்த்திகை மழை கண்ணைத் திறந்து பெய்ததால் மிகைநீர் வழிந்தோடும் கலங்கல் வரை தளும்பி நின்றது. மதகில் தொடங்கிக் கலங்கலில் முடிய வேண்டும். நீரில் படகு, கரைமேல் மொபெட். நடுவராக அமர்ந்தவர், அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த மண்ணாங்கட்டி. முன்பிறந்த பிள்ளைகள் தங்காததால், இது வெறும் மண் என்று எமனை ஏமாற்றிப் பெற்றோர் இட்ட பெயர். எமன் இன்னும் ஏமாந்துகொண்டிருக்கிறான். "மீனுங்க மிரளும்" என்பது அவருடைய ஒரே ஆட்சேபம். மோர் அண்டா கதையைக் கேட்டதும் மீன்களை மறந்துவிட்டார்.

இனிச் சுழலாயுதம் தேர்ந்த வரலாறு. குதிரைகள் எத்தனை இருந்தாலும் அவற்றின் வலிமையை நீருக்குள் இறக்குவது கையகல இலைகள்தான். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று இறங்குவது போல, புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு இத்தனை அங்குலம் நீரைத் துளைத்து முன்னேற வேண்டும். அந்த அளவுக்குப் பிட்ச் என்று பெயர். கம்மியானால் எஞ்சின் வீணாய்க் கத்தும். ஜாஸ்தியானால் எஞ்சின் மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை உண்டு. அந்த நூலிழையைத் தேடித்தான் வீரன் கடையைப் பூட்டிவிட்டு அலைந்தான். வாடிக்கையாளர்களின் மோட்டார்கள் வாசலில் காத்துக் கிடந்தன. நெல்லுக்குத் தண்ணீர் பாயவில்லை என்று யார் யாரோ போன் செய்தார்கள். எடுக்கவில்லை.

முதலில் களம் கண்டது படகோடு வந்த அலுமினிய மூவிலையன். மெலிந்தவன், இளகியவன், பிட்ச் குறைந்தவன். விசையைத் திருகியதும் படகு முழங்காலிட்டு எழுந்து பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே சலித்துப்போனது. சின்னப் பல்சக்கரத்தில் சைக்கிள் மிதிக்கிறவன் கால் பறப்பதும் சைக்கிள் நகராததும் போல, எஞ்சின் வானைக் கிழிக்க, படகு கரையில் நடந்த எருமையோடு ஏறத்தாழ இணையாகச் சென்றது. எருமை திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான் அதன் மரியாதை.

அடுத்து, காசிமேட்டுப் பழைய சாமான் கடையிலிருந்து சிறையெடுத்து வரப்பட்ட எஃகு மூவிலையன். கண்ணாடி போல் மின்னுபவன், கத்தி போல் ஓரமுடையவன், பிட்ச் மிகுந்தவன். அவனைப் பூட்டியதும் நூற்றைம்பது குதிரைகளும் ஒரே சமயத்தில் ஆஸ்துமா கண்டன. ஜவ்வாது மலையில் கட்டை ஏற்றிக்கொண்டு ஏறும் லாரியைப்போல் எஞ்சின் முக்கியது. படகின் வால் நீருக்குள் அமிழ்ந்தது. மூக்கு மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "சாமி கும்புடுது மாமா" என்றான் தருமன்.

ஆம், தருமன். இதுதான் இந்தப் போரின் விசித்திரம். எதிரியே ஒவ்வொரு ஒத்திகைக்கும் படகில் இருந்தான். முன்பக்க இருக்கையில் அவன் உட்கார்ந்து, காலை அகட்டி, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தை விரித்து, ஒரு கையில் போனைப் பிடித்து வேகத்தை வாசித்துச் சொன்னான். மாமா கூப்பிட்டால் மச்சான் வரவேண்டும். பந்தயம் யாரோடு என்பது அதில் சேராது. அவன் உண்மையாகவே வாசித்தான். கம்மியாகச் சொல்லி ஏமாற்ற அவனுக்குத் தோன்றவே இல்லை. தோல்வியுற்ற ஒவ்வொரு மாலையும் இருவரும் ஒரே தட்டில் மிளகாய் பஜ்ஜி தின்றார்கள்.

மூன்றாமவன் நான்கிலையன். பிடித்தால் விடாதவன், திருப்பத்தில் வழுக்காதவன், கிளம்பும்போது யானை, உச்ச வேகத்தில் ஆமை. நான்கு இலை நான்கு பங்காளி போல் ஒருவன் வழியில் ஒருவன் நின்றான். அவனும் கழற்றப்பட்டு முருங்கை மரத்தடியில் கிடத்தப்பட்டான். ரேணுகாம்பாள் அவன்மேல் வற்றல் தட்டை வைத்துக் காயப்போட்டாள்.

அப்போதுதான் வீரன் தெளிந்தான். ஆயுதத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் போதாது, சுமையை அறிய வேண்டும். சுமக்கும் பாரம் எவ்வளவு என்று தெரியாமல் பிட்ச் தேர்ந்தெடுப்பது, கல்யாணத்துக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் உலை வைப்பது. எனவே அரிசிக் கடைத் தராசை வீட்டுக்கு வரவழைத்தான். பெட்ரோல் கேன் நிறுக்கப்பட்டது. பாட்டரி நிறுக்கப்பட்டது. நங்கூரமும் கயிறும், துடுப்பும், திருஷ்டிக்குக் கட்டிய பூசணிக்காயும் நிறுக்கப்பட்டன. வீரன் தானே ஏறி நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி ஏறி நின்றான். இறுதியில் தருமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசை நோக்கி ஒரு காலெடுத்து வைத்த கணத்தில், அடுப்படியிலிருந்து இடிமுழக்கம் எழுந்தது.

"எங்க தம்பிய எட போடாதீங்க. கண்ணு பட்டுடும்."

தருமன் எடுத்த காலைத் திரும்ப வைத்தான். போன ஆடியில் யாரோ அவன் உடம்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லப்போய் அவன் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தது ஊரறிந்த சேதி. சக்கரவர்த்தியும் வற்புறுத்தவில்லை. மச்சானைப் போய்ப் பாரக் கணக்கில் சேர்ப்பதா? அவன் என்ன மூட்டையா? உறவுக்கு எடை ஏது? இவ்வாறு அறத்தின்பாற்பட்டு, படகிலேயே ஆகப் பெரிய சுமையை வீரன் கணக்கிலிருந்து விலக்கினான். நல்ல மனிதர்கள் இப்படித்தான் கணக்கில் தோற்கிறார்கள்.

நான்காவதாக வந்தவன் நடுத்தரப் பிட்ச் உடைய எஃகு மூவிலையன். அவனை வீரன் வெறுமனே பூட்டவில்லை. கடைக்குக் கொண்டுபோய், பட்டறைக்கல்லில் சாய்த்து, ஒவ்வோர் இலையின் பின்னோரத்தையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, நாக்கின் நுனி போல் ஒரு மெல்லிய மடிப்பு எடுத்தான். நீர் வழுக்காமல் பிடிபட அந்த மடிப்பு. அதிகம் தட்டினால் எஞ்சின் திணறும், குறைத்துத் தட்டினால் நீர் நழுவும். தட்டுவதும், ஏரிக்குப் போவதும், தருமனை முன்னால் உட்காரவைத்து ஓட்டுவதும், திரும்பி வந்து தட்டுவதுமாகத் தவம் நடந்தது. பிறகு எஞ்சினையே படகின் முதுகில் மரையாணி போடும் துளை ஒன்று மேலே ஏற்றிப் பூட்டினான். பூட்டி ஓட்டினான். இன்னொரு துளை ஏற்றினான்.

ஒரு மாலை அது நிகழ்ந்தது. விசையைத் திருகிய கணத்தில் படகு நீரை உதறி எழுந்து, அடிவயிற்றின் கடைசி முழம் மட்டும் ஏரியைத் தொட, கொக்குகள் சிதற, எஞ்சின் கத்தவுமில்லாமல் திணறவுமில்லாமல் ஒரே சுருதியில் பாடிற்று. நீர் கல்லாக, படகு அதில் வழுக்கிற்று. தருமன் போனைப் பார்த்தான். கடலை மெல்லுவதை நிறுத்தினான்.

"மாமா, என் வண்டி இதுல பாதிதான் போவும்."

தோற்கப்போகிறவன் அந்தக் கணக்கைத் தன் வாயால் சொன்னான். சக்கரவர்த்திக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கையில் கிரீஸ் இருந்ததால் செய்யவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை. கரையெங்கும் சனத்திரள். அடி அண்ணாமலையே எழுந்து வந்திருந்தது. ஆசிரமப் பக்கத்து அறைகளிலிருந்து தியானத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் சிலரும் கண்ணைத் திறந்து நின்றார்கள். புது வண்டியின் சக்கரத்துக்கு எலுமிச்சை வைப்பது முறை. படகுக்குச் சக்கரம் இல்லாததால் ரேணுகாம்பாளே நீரில் இறங்கிச் சுழலாயுதத்தின் இலைக்கொன்றாக எலுமிச்சை செருகினாள். பகையேயானாலும் சாத்திரம் தவறக்கூடாது. மதகில் படகு உறுமியது. கரைமேல் தருமன் மொபெட்டை மிதித்துக் கிளப்பினான். பால்கேன்களைக்கூட அவன் கழற்றவில்லை, பந்தயம் முடிந்து அப்படியே பால் எடுக்கப் போகவேண்டும். தூரத்துக் கலங்கலில் மண்ணாங்கட்டி சிவப்புத் துண்டை உயர்த்தி வீழ்த்தினார்.

எலுமிச்சைகள் மூன்றும் அக்கணமே சாறாயின. நூற்றைம்பது குதிரைகளும் ஒருசேர உதைத்தன. பாய்ந்தது படகு, பாய்ந்த வேகத்தில் அதன் மூக்கு வானோக்கி எழுந்தது, எழுந்தது எழுந்தபடி நில்லாமல் தடாரென்று வீழ்ந்தது, வீழ்ந்து மறுபடி எழுந்தது. ஈசலைத் துரத்தும் தவளையாய், கயிறறுத்த கன்றாய், தலைக்குமேல் தண்ணீர் கொட்டப்பட்ட பூனையாய் ஏரிமேல் அது தத்தித் தத்திக் குதித்தது. ஒவ்வொரு குதிக்கும் சுழலாயுதம் நீரைவிட்டு வெளியே வந்து காற்றை மென்றது. காற்றில் பிடிப்பில்லாமல் எஞ்சின் வீறிட்டது. வீறிட்டதும் எல்லை மீறியதென்று தன்னைத் தானே அடக்கிக்கொண்டு விக்கியது. வீரனின் தாடை ஒவ்வொரு விழுதலுக்கும் ஒருமுறை மோதியது. கரைமேல் டிவிஎஸ் எக்செல், கேன்கள் கடகடக்க, ஒரே சீராக, யாரையும் பொருட்படுத்தாமல், பால்காரனின் நிதானத்தோடு முன்னேறிக்கொண்டிருந்தது.

சக்கரவர்த்தி எதைத் திருகவில்லை? எஞ்சினைச் சாய்த்தான், நிமிர்த்தினான், விசையைக் குறைத்தான், கூட்டினான். நேற்று வரை ராஜகுமாரன்போல் ஓடிய படகுக்கு இன்று என்ன வந்தது என்று, அண்ணாமலையாரையும் பெட்ரோல் பங்க்கையும் மாறி மாறிச் சந்தேகித்தான். அப்போது குதித்த குதியில் அவன் பார்வை முன்னிருக்கையில் விழுந்தது. அங்கே ஒரு வேர்க்கடலைத் தொலி கிடந்தது. தொலி மட்டும் கிடந்தது.

பிட்ச் தேர்ந்தது, மடிப்புத் தட்டியது, எஞ்சினைத் துளை துளையாய் ஏற்றியது எல்லாமே முன்னால் ஒரு மலை அமர்ந்திருக்கும் படகுக்கு. அந்த மலை இப்போது கரைமேல், சட்டை பின்னால் பொதிபோல் உப்ப, அவனுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது. பூசணிக்காயை நிறுத்தவன் மச்சானை நிறுக்கவில்லை.

வேறு வீரனாயிருந்தால் அங்கேயே தோற்றிருப்பான். சக்கரவர்த்தி எழுந்து நின்றான், இரு கையையும் வாயருகே குவித்தான், எட்டுத் திக்கும் அதிர ஒரே ஓர் அறைகூவல் விடுத்தான்.

"டேய் மச்சான், கொஞ்சம் வந்து ஏறுடா."

கரைமேல் மொபெட் தயங்கிற்று. ஒருபுறம் வெற்றி, கூப்பிடு தூரத்தில் கலங்கல். மறுபுறம் அக்கா வீட்டுக்காரர், தண்ணீர் நடுவில், கூப்பிடுகிறார். தருமனின் உள்ளத்தில் போராட்டம் ஏதும் நடக்கவில்லை என்பதை உண்மைக்குப் பணிந்து சொல்லவேண்டும். அவன் பிரேக் பிடித்தான். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டான். சாவியை எடுத்து மடியில் முடிந்தான்.

"இருங்க மாமா, தோ வரேன்."

லுங்கியை மடித்துக்கொண்டு கரையிறங்கி, மாமா கரையோரம் ஒதுக்கிய படகுக்கு முழங்காலளவு நீரில் நடந்து வந்து, அதன் முன்புறம் ஏறி, தன் பழைய இடத்தில் அமர்ந்து, காலை அகட்டிக்கொண்டான். படகின் மூக்கு பெருமூச்சு விட்டதுபோல் தணிந்தது. எஞ்சின் சுருதி சேர்ந்தது. ஆகா, அதன்பின் அது ஓடிய ஓட்டத்தை எப்படி உரைப்போம்! நீர் இருபுறமும் கண்ணாடிச் சுவராக எழ, கொக்கும் நாரையும் வழிவிட, மண்ணாங்கட்டியின் மீன்கள் அடிச்சேற்றில் அடைக்கலம் புக, மாமனும் மச்சானும் மின்னலென வந்து கலங்கலைக் கடந்தார்கள். மொபெட் கரைமேல் தனியே நின்றது. கரை முழுதும் ஆர்ப்பரித்தது. வீரன் கைகூப்பினான்.

ரேணுகாம்பாள் கைகூப்பவில்லை. மண்ணாங்கட்டி பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, எங்க தம்பிய முந்தி வரணும்னு தானே பேச்சு. கோட்டத் தாண்டி மொதல்ல வந்தது யாரு?"

மண்ணாங்கட்டி நெடுநேரம் ஆலோசித்தார். படகைப் பார்த்தார். முன்னால் அமர்ந்திருந்தவனையும் பின்னால் நின்றவனையும் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தருமனோட தொப்பதாம்மா மொதல்ல வந்துது. அதுக்கு ரொம்ப பின்னாடி சக்கரவர்த்தி."

"மன்னிச்சுக்குங்க மாமா" என்றான் தருமன். "பின்னாடி உக்காந்திருக்கணும். பழக்கத்துல முன்னாடி உக்காந்துட்டேன்."

தீர்ப்பு தீர்ப்பே. மறுநாள் இருக்கைகள் பெயர்க்கப்பட்டு, உட்புறம் புளியும் சீயக்காயும் போட்டுத் தேய்க்கப்பட்டு, புதுப் பிளாஸ்டிக் தாள் விரிக்கப்பட்டு, சுறாமுகமும் வாள்வயிறும் கொண்ட அந்தப் பந்தயப் படகு முருங்கை மரத்தடியில் செங்கற்கள்மேல் அமர்த்தப்பட்டது. தருமன் கேன் கேனாகத் தயிர் கொண்டுவந்து கவிழ்த்தான். எஞ்சின் கழற்றப்பட்டுக் கடை மூலைக்குப் போயிற்று. ஆயினும் வீரன் தோற்றவனல்லன். நான்காமவனை, மடிப்பெடுத்த எஃகு மூவிலையனைச் சாம்பல் போட்டுத் துலக்கி, கம்பியில் கோத்து, கடையிலிருந்த சிறு மோட்டாரில் பூட்டித் தயிருக்குள் இறக்கினான். முதல் சுற்றிலேயே தயிர் முருங்கை மரம் வரை பறந்தது. பிட்ச் ஜாஸ்தி என்று உணர்ந்தான். வற்றலுக்கடியில் கிடந்த நான்கிலையனை எடுத்தான். பூட்டினான், ஆழத்தைக் கூட்டினான், குறைத்தான், வேகத்தைத் தணித்தான், தருமனைத் தயிரருகே வரவிடாமல் தள்ளி நிற்கச் சொன்னான், அந்தி சாயும்வேளை, நுரை ததும்பாமல், வெண்ணெய் திரளாமல், நீரும் தயிரும் ஒன்றேயாகி ஒரே சுருதியில் சுழன்றது.

நிலா மலைக்குமேல் வந்தது. பக்தர்கடல் பாதையில் நிரம்பி நகர்ந்தது. செருப்பில்லாத காலோடு மலையைப் பாதிக்குமேல் சுற்றி வந்த ஓர் அம்மாள், படகோரம் வந்து, ரேணுகாம்பாள் மொண்டு கொடுத்த டம்ளரை இருகையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில், வாய் வைக்காமல் குடித்தார். கரங்களில் தயிர் காயாத நம் வீரன், ஏரியும் எஞ்சினும் பிட்சும் மடிப்பும் தன் வாழ்வின் மற்ற எல்லாமும் அந்த ஒரு மிடறில் நியாயம் பெறுமென்று, மூச்சை அடக்கி, அவர் முகத்தையே நோக்கி நின்றான்.

மோருல உப்பு கம்மி என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டார்.